சட்டைப்பையில் நாற்பது ஆம்பியர்

வளையல் மாமாவின் கையில் இருப்பது வளையல் இல்லை, ஒரு சுருள் கறுப்பு டேப். காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது மணிக்கட்டில் மாட்டினால், ராத்திரி சாப்பிட உட்காரும்போதுதான் கழற்றுவார். வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர். முப்பத்திரண்டு வருஷமாக அதே பட்டறை, அதே ஒரு கால் ஆடுகிற ஸ்டூல்.

தொழிலில் அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. வயரில் கை வைப்பதற்கு முன்னால் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அப்புறம், எந்த ஃபியூஸை மாட்டினாலும் அதன் பக்கத்திலேயே ஸ்பேராக இன்னொன்றை டேப்பால் சுற்றி ஒட்டிவைப்பார். இதெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, கை பாட்டுக்குச் செய்யும்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பேத்தி பிறந்தாள். அன்றிலிருந்து பட்டறையில் மற்றவர்களுக்குத்தான் கஷ்டம். ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தவர், குழந்தையின் எட்டு போட்டோவைப் பார்த்து முடித்த பிறகுதான் ஹாரனைப் பற்றிப் பேச முடியும். "மூக்கு உங்க மாதிரியே இருக்கு மாமா" என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும் என்பதை லாரிக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

மகள் இருப்பது கலங்கரை விளக்கத்தில். மருமகனுக்கு அங்கே விளக்கைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் தார் ரோடு, பிறகு ஒன்றரை கிலோமீட்டர் வெறும் மணல், அதைத் தாண்டினால் விளக்கு வரைக்கும் ஏறுகிற கல் ரோடு. மணலில் இறங்கும்போது மருமகனுடைய ஜீப்பின் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். தாண்டியதும் திரும்ப ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கல் டயரைக் கிழித்துவிடும்.

போன தடவை ஊரிலிருந்து திரும்பிப் போகும்போது, மணலைத் தாண்டிய இடத்தில் கால் பம்ப் உடைந்துபோனது. இன்னொரு வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார்கள். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போனது. மறுநாள் மகள் போனில் சொன்னாள்: "இன்னொரு தரம் அந்த இடத்துல காத்து இல்லாம நின்னேன்னா, இவ நடக்குற வரைக்கும் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்பா. சொல்லிட்டேன்."

மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். குழந்தை நடக்க இன்னும் எட்டு மாதமாவது ஆகும். அன்றைக்குச் சாயங்காலமே, ஜீப்பிலேயே நிரந்தரமாகப் பொருத்துகிற, காற்றடிக்கிற ஒரு கம்ப்ரசரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. பானெட்டைத் திறந்து மாமாவும் மருமகனும் குனிந்து நின்றார்கள்.

"பேட்டரிக்குப் பக்கத்துல இடம் இருக்கே மாமா. இங்கயே வச்சுட்டா வயரும் மிச்சம்."

"புகைக்குழாய் எங்க போகுது பாருங்க மாப்ள. ஏற்கனவே சூடாகிற சாமான் இது. அடுப்புக்குப் பக்கத்துல உட்கார வச்சா ரெண்டு மாசத்துல படுத்துக்கும்."

"அப்ப வண்டிக்கு அடியில?"

"மணல்ல போற வண்டிக்கு அடியிலயா? காத்துக்குப் பதிலா மணலை இழுக்கும்."

பின்பக்கம் வைக்கலாம் என்றால் வயர் நீளம். நீளம் கூடினால் போய்ச் சேருகிற கரண்டு இளைத்துவிடும், மோட்டார் முனகும். கடைசியில் சீட்டுக்கு அடிதான் சரி என்று முடிவானது. தூசியும் தண்ணீரும் வராது, சூடும் இல்லை. மாமா பயணி சீட்டைத் தூக்கி அளவெடுக்க ஆரம்பித்தார்.

வாசலில் குழந்தையோடு நின்ற மகள் கேட்டாள்: "அது நான் உட்காருற சீட்டுப்பா. இவ தூங்கும்போது கீழே இருந்து அது கத்துமா?"

மாமா சீட்டை இறக்கினார். எழுந்து மறுபக்கம் வந்து டிரைவர் சீட்டைத் தூக்கினார்.

"கத்துறது மாப்ள சீட்டுலயே கத்தட்டும். அவரு தூங்கக்கூடாதவரு."

"நல்ல மாமனாரு" என்றார் மருமகன்.

இரும்புத் தகடு வைத்து, கீழே ரப்பர் வாஷர் கொடுத்து, நாலு போல்ட்டில் கம்ப்ரசரை உட்கார வைத்தார். சுண்டுவிரல் தடிமனுக்குக் கேபிள் எடுத்தார். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ் கூடு. வயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் முதலில் போக வேண்டும், அதனால்தான் அது பேட்டரிக்குப் பக்கத்தில். இவ்வளவு கரண்டும் சின்ன சுவிட்ச் வழியாகப் போனால் சுவிட்ச் உருகும் என்று நடுவே ஒரு ரிலே. எர்த் வயருக்கு, பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளப்பாகத் தெரிந்த பிறகுதான் போல்ட்டை முறுக்கினார். நாற்பது ஆம்பியர் ஃபியூஸை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சைத் தட்டினார். கம்ப்ரசர் டுர்ரென்று ஓடியது. கேஜில் முள் ஏறியது. மாமாவின் முகத்தைப் பார்த்தால் அவரே பெற்றெடுத்த மாதிரி இருந்தது.

எஞ்சினை அணைத்த பிறகுதான் கவனித்தார். கேபிள் தகட்டைத் துளைத்து உள்ளே போகிற இடத்தில் ரப்பர் வளையம் போடவில்லை. தகட்டு விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டார். வளையத்தைச் செருகினார், டேப் சுற்றினார்.

"அப்பா, கிளம்பணும். வெயில் சாயுது. ஒரு தரம் தூக்கிக்குங்க."

மாமா சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவிக்கொண்டு ஓடி வந்தார். குழந்தை அவர் மணிக்கட்டு டேப்பைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. "பாத்தியா, தொழில் ரத்தத்துலயே இருக்கு" என்றார். அந்த நேரத்தில் மருமகன் பானெட்டை மூடினார். அந்தச் சத்தம்கூட மாமாவின் காதில் விழவில்லை.

ஜீப் போய் இருபது நிமிஷம் கழித்து, துவைக்கப் போட்ட சட்டையின் பையைத் துழாவிய மனைவி உள்ளே வந்தாள். "என்னங்க, இது எந்த வண்டியோடது?"

உள்ளங்கையில் நாற்பது ஆம்பியர் ஃபியூஸ்.

மாமா அதைப் பிடுங்கி, மாற்றியிருந்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். போன் போட்டார். மணல் பக்கம் போனால் சிக்னல் ஏது? ஸ்கூட்டர் சாவியைத் தேடி வீட்டையே புரட்டினார். சாவி கையிலேயே இருந்தது.

"இந்தப் பையையும் கொண்டு போங்க" என்று மனைவி ஒரு துணிப்பையை ஹேண்டிலில் மாட்டினாள்.

"குழந்தையோட சாமானா? விட்டுட்டுப் போயிட்டாளா?"

"போங்க, லேட்டாகுது."

பத்து கிலோமீட்டரும் அவர் கண்ணுக்கு முன்னால் எட்டு மாதம் நீட்டிப் படுத்திருந்தது. தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. ஸ்கூட்டர் மணலில் போகாது. கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தார்.

"நடந்தா போறீங்க?"

"பேத்தியைப் பார்க்க."

"இப்பத்தானே ஜீப் போச்சு. நீங்க இன்னைக்குப் பார்க்கலையா?"

"பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, துணிப்பையையும் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினார்.

பாதி தூரத்தில் கால் பின்னியது. மூச்சு வாங்க நின்றார். அப்போதுதான் அவருடைய வலது கைக்கு ஞாபகம் வந்தது. ஃபியூஸ் கூட்டை மாட்டிய கையோடு, பக்கத்தில் எதையோ டேப்பால் சுற்றி ஒட்டியதே. ஸ்பேர்.

திரும்பிப் பார்த்தார். டீக்கடை அரைமணி நடை தூரத்தில் இருக்கிற மாதிரித் தெரிந்தது. முன்னால் பார்த்தார். மணல் முடிகிற இடத்தில் ஜீப் நின்றது. பானெட் திறந்திருந்தது. டுர்ரென்று சத்தம் மெலிதாகக் காற்றில் வந்தது. இனி அங்கே அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் முன்னால்தான் நடந்தார், முன்பைவிட வேகமாக.

போய்ச் சேர்ந்தபோது நாலாவது டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. மகள் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"சுவிட்ச் தட்டினா சத்தமே வரலை. இவரு முகம் செத்துப்போச்சு" என்றாள். "பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கூடு காலி. அப்பா சட்டைப்பையில இருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. டேப்பைப் பிரிச்சேன், ஸ்பேர் இருந்துச்சு. வளையல் மாமா பொண்ணுக்கு இதுகூடத் தெரியாதா?"

"நானே மறந்துட்டேன்மா. பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு."

"பாதி வழியிலயா? அப்புறம் எதுக்கு மீதி வழி நடந்தீங்க?"

மாமா சட்டைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்தார். "ஸ்பேரை எடுத்துட்டா அந்த இடம் காலியா இருக்குமே. ஒட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

மருமகன் சிரிப்பை அடக்க முடியாமல் டயர் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் அப்பாவின் மணல் ஒட்டிய காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏறுங்க. காலையில இவரு ஊருக்கு வர்றாரு, கூட வந்துடலாம்."

"உங்கம்மா தேடுவாளே. மாத்துத் துணி வேற இல்லை."

"அந்தப் பையில என்ன?"

மாமா துணிப்பையைத் திறந்தார். ஒரு சட்டை, லுங்கி, பல் தேய்க்கிற பிரஷ், ராத்திரி போடுகிற பிரஷர் மாத்திரை.

"அம்மாவுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றாள் மகள். குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "அடுத்த ஞாயிறு அம்மாவைச் சமைக்கச் சொல்லுங்க. நாங்க வர்றோம். காத்துதான் இருக்கே."

ஜீப் கல் ரோட்டில் ஏறியது. எட்டு மாதம் போய் ஏழு நாள் ஆகியிருந்தது. குழந்தை டேப் வளையத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டது. வளையல் மாமா வழி நெடுகக் கையை அசைக்கவில்லை.