பச்சைப் பெயின்ற் பட்ட ஹெல்மெட்

போன மாரி தொடங்க முதல், ஒரு புதன்கிழமை காலை, திருகோணமலையில் ஒரு மனநலக் கிளினிக்கின் வாங்கில், முகத்தை முழுக்க மூடின ஹெல்மெட்டோடு ஒருவன் இருந்ததை நீங்கள் யாராவது கண்டிருந்தால், அது நான்தான்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எனக்கு வேலை. கலியாணம், பிரியாவிடை எதுவென்றாலும் மைக்கை என்னிடம்தான் தருவார்கள். பகிடிக்காரன் என்று பெயர். அம்மா போன பிறகு எனக்கு நித்திரையும் போய்விட்டது. வெளியில் பகிடி, வீட்டில் எரிச்சல். கரண்டி கீழே விழுந்தாலும் கத்தினேன்.

"பிள்ளையள் உங்களோட இருந்து சாப்பிடப் பயப்பிடுதுகள். கிளினிக்குக்குப் போவம்" என்றா மனிசி. அதற்கும் ஒரு பகிடி விட்டுப் பார்த்தேன். அவ சிரிக்கவில்லை.

முதல் தடவை கேற்றடியிலிருந்தே திரும்பி வந்தனான். தெரிந்த ஆக்கள் கண்டால் என்ன நினைப்பார்கள்? அடுத்த தடவைக்குக் கண்டுபிடித்த வழிதான் ஹெல்மெட். வாசலில் காவலாளி கழட்டச் சொன்னார். கழட்டினேன், மூலை திரும்பினதும் மாட்டிக்கொண்டேன். சீனன்குடா விமானப்படை முகாம் பக்கம் இப்படிப் போயிருந்தால் அப்படியே அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.

உள்ளுக்குள் வேர்வை கண்ணில் இறங்கியது. ஆனாலும் ஊரையே ஏமாற்றின பெருமையோடு நிமிர்ந்து இருந்தேன். மனிசி மெல்லச் சரிந்து கேட்டா: "இஞ்சேருங்கோ, என்னை ஒருத்தருக்கும் தெரியாதோ?"

அப்போதுதான் உறைத்தது. ஹெல்மெட் போட்டது நான் மட்டும். பக்கத்தில் அவ திறந்த முகத்தோடு இருக்கிறா.

எழும்பி ஓடுவம் என்று பார்த்தால், எதிர் வாங்கில் வந்து இருந்தார் எங்கள் சந்தியில் ஹார்ட்வெயர் கடை வைத்திருக்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற கிண்ணியா முஸ்லிம்காரர். கூடவே அவருடைய மகள், ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. நானா என் மனிசியைக் கண்டார். பிறகு ஹெல்மெட்டைப் பார்த்தார். உடனே சுவரில் இருந்த டெங்கு நுளம்புப் படத்தை வாசிக்கத் தொடங்கினார். நானும் அதையே வாசித்தேன். வேறெங்கும் இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள் ஒரு நுளம்பை அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் அவர்தான் வாய் திறந்தார். "தம்பி, ஹெல்மெட்டில இருக்கிற அந்தப் பச்சப் பெயின்ற் நம்மட கடையில ஊத்துப்பட்டதுதானே?"

"ஓம் நானா." என் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்த மாதிரிக் கேட்டது.

அந்தப் பிள்ளை சிரித்தது. ஷோலால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தது. வெட்கத்தில் நான் நாடிப் பட்டியில் கை வைக்க, நானா பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"கழட்டிராதீங்க தம்பி! இவ சிரிச்சு ரெண்டு மாசம். உம்மாவோடயும் கதையில்ல, என்னோடயும் கதையில்ல. இன்னும் கொஞ்சம் இருங்க."

இருந்தேன். முன்கண்ணாடியைத் திறந்தேன், மூடினேன். தலையை மாடு மாதிரி ஆட்டினேன். பிள்ளை என் மனிசியைப் பார்த்து, "அன்ரி, இவர் எப்பவும் இப்பிடியா?" என்று கேட்டது.

"வெளியில மட்டும்தான்" என்றா மனிசி.

நானா மகளின் குரலைக் கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஆட்டுவதை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டைக் கழட்டிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

என்ன பிரச்சினை என்று டொக்டர் கேட்டார். நல்ல பகிடி ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "வீட்டில பிள்ளையள் எனக்குப் பயப்பிடுதுகள்" என்றேன். பிறகு கன நேரம் கதைத்தேன். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இப்போது இரண்டு குடும்பமும் ஒரே ஓட்டோவில்தான் கிளினிக் போகிறோம். அந்தப் பிள்ளை சில நாள் கதைக்கும், சில நாள் கதைக்காது. என் பிள்ளைகள் என்னோடு இருந்து சாப்பிடுகிறார்கள், நான் குரலை உயர்த்தினால், "அப்பா, ஹெல்மெட்!" என்கிறார்கள். அதற்கு மேல் கத்த ஏலாது.

அன்று டொக்டரிடமிருந்து வெளியே வந்து வாங்குகளைப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒரு தாய், கோட்டுப் போட்ட ஒரு பென்சன்காரர், எங்கள் கந்தோர்க்காரர்கூட ஒருவர். ஊர் காணக்கூடாது என்று நான் முகத்தை மூடிக்கொண்டு இருந்த இடத்தில், ஊர்தான் வரிசையாக இருந்தது என்பது ஹெல்மெட்டைக் கழட்டின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.