அம்மா வாங்கி வைத்த இரவல் சோபா

பத்தாம் வகுப்பு முடித்ததும் நாங்கள் பிழைக்க வந்த தெலுங்கு ஊரான உப்பலில், பிளஸ் டூ படிக்க ஒரு ஜூனியர் காலேஜில் எனக்கு இடம் கிடைத்தது. ஃபீஸை அரசாங்கமே கட்டும் திட்டம் ஒன்று உண்டு. அதற்கு இன்கம் சர்டிபிகேட் வேண்டும். அது வராவிட்டால் மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போக வேண்டியதுதான். அப்பா அங்கே ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

விண்ணப்பித்த மறுவாரம், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று போன் வந்தது. நாங்கள் ஏழைகள்தானா என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. அம்மா காதில், வீட்டுக்கு ஆபீசர் வருகிறார் என்பது மட்டும்தான் ஏறியது.

அம்மா திருநெல்வேலிக்காரி. வந்தவர் முன்னால் வீடு வெறிச்சென்று கிடந்தால் அவளுக்கு உயிரே போய்விடும். ஒரு மணி நேரத்தில் கீழ்வீட்டு சோபா மாடியேறியது. எதிர்வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர்கள் வந்தன. பக்கத்து வீட்டு அக்காவின் இரட்டைவடச் சங்கிலி அம்மா கழுத்துக்கு வந்தது. வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பிச்சைக்காரி மாதிரி நிற்கச் சொல்கிறாயா என்று என்னைத்தான் திட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு சோபாவை மாடியிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன். கனமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் அதில் உட்கார்ந்து முந்திரி போட்ட கேசரி சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். சங்கிலியைப் பார்த்தார். பேனாவைத் திறந்து, பார்த்ததைத்தான் எழுத முடியும், உங்களுக்கு இந்த உதவி தேவைப்படாது போலிருக்கிறதே என்று தெலுங்கில் மரியாதையாகச் சொன்னார்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். எல்லாம் இரவல் என்றேன். அவர் நம்பவில்லை. தினமும் இப்படிச் சொல்கிறவர்களைப் பார்க்கிறாராம். நிஜமா என்று அம்மாவிடமே கேட்டார்.

சாமான் கொடுத்த மூன்று பெண்களும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவோ ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம்கூட எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றே சொல்லிப் பழகியவள். என் முகத்தைப் பார்த்தாள். சங்கிலியைக் கழற்றி சோபாவில் வைத்தாள்.

"இந்த வீட்ல எங்களுதுன்னு ஒண்ணுமே இல்ல சார்."

பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. வாசலில் நின்றவர்களுக்கும் புரியவில்லை. அதனால் அதையே இன்னொரு தடவை, தெலுங்கில், எல்லோருக்கும் புரியும்படி சொன்னாள். அவர் குனிந்து எழுதிக்கொண்டார். நான் காலேஜுக்குப் போனது அந்த இரண்டாவது தடவையால்தான்.