பாதியில் நின்ற செல்

ஜன்னல்களை மறைத்த கம்பளிகள் வெயிலில் சூடாகி, புளியும் அடுப்புப் புகையும் கலந்த வாசத்தை வகுப்பறை முழுக்கப் பரப்பின. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு, கலசப்பாக்கத்திலிருந்து வாடகை டீவியையும், பலகையோடு கயிற்றால் இறுகக் கட்டிய, வீடியோ கேசட் ஓட்டும் "டெக்கு"வையும் அறிவியல் வாத்தியார் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். பாடப்புத்தகத்தில் அசையாத கறுப்பு வட்டமாக மட்டுமே நான் பார்த்திருந்த செல், அந்தக் கேசட்டில் நீலமும் சிவப்புமாகத் துடித்தது. அதற்குள் சின்னப் பொட்டலங்கள் மிதந்தன, நூல்கள் இரட்டித்து, நடுவில் வரிசை கட்டி, யாரோ இழுப்பதுபோல் இரு பக்கமும் பிரிந்தன. நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டேன்.

"வயித்துல புள்ள இப்டித்தான் ஆரம்பிக்குது" என்றார் வாத்தியார்.

அதைக் கேட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள், ஊர்ப் பெண்களோடு படம் பார்க்க வந்திருந்த என் சித்தி. முதல் குழந்தையைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். அப்போது மறுபடியும் நிறைமாதம்.

செல்லின் நடுப்பகுதி ஒடுங்கிவந்தபோது, விளக்குவதற்காக வாத்தியார் படத்தை நிறுத்தினார். பிறகு எவ்வளவு முயன்றும் ஓடவில்லை. பிரியாத இரண்டு உருண்டைகள் திரையில் நடுங்கின. சித்தியின் முகம் வெளுத்தது.

"இன்னா சார், புள்ளத்தாச்சி பாக்குற நேரத்துல பாதியில நிக்குது?" என்றாள் அத்தை.

"மிஷினும்மா. சிக்கிக்கிச்சி."

"மிஷினோ மாடோ, பேறு நேரத்துல ஒரு முடிச்சு இருக்கக் கூடாது. அவுருங்கடி எல்லாத்தையும்!"

வலி கண்ட வீட்டில் முடிச்சுகளை அவிழ்ப்பது எங்கள் ஊர் வழக்கம். கொண்டைகள் அவிழ்ந்தன, சுருக்குப் பைகள் திறந்தன, நான் ரிப்பனை உருவினேன். அத்தை நேராகப் போய் டெக்கின் கயிற்றை அவிழ்த்தாள். படம் ஓடியது! உருண்டைகள் விலகின. வகுப்பறையே கத்தியது.

"ரெண்டாயிட்ச்சுடி!" என்று சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அமுங்கிய பொத்தான் கயிற்றடியில் மாட்டியிருந்தது என்று வாத்தியார் விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுவாரம் சித்திக்குப் பெண் பிறந்தாள்.

டெக்கும் இல்லை, அதை வாடகைக்கு விட்ட கடையும் இல்லை. இப்போது அவரவர் போனில் அவரவர் படம். நேற்று காவலூர் பஸ்ஸில், செல்லுக்குள் ஒரு புரதம் தன்னைவிடப் பெரிய மூட்டையைச் சுமந்து, நூல்மேல் கால் மாற்றி நடப்பதைப் பார்த்து வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

"இன்னாங்க, விக்கெட்டா?" என்றார் பக்கத்து இருக்கைப் பெரியவர்.

போனை அவர் பக்கம் திருப்பி, முதலிலிருந்து ஓடவிட்டேன்.