அம்மன் மண்ணுக்கு அடியில் ஒரு வெல்டிங்

பாம்பு ஊர்ந்த கரட்டு நிலத்தில் தறிக்கூடம் எழுப்பியவன் நான். கரண்ட் கம்பமே இல்லாத தெருவுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து லைன் இழுத்து வந்தவன் நான். ‘இவனாவது, லாரி வாங்குவதாவது’ என்று சிரித்தவர்கள் இன்று சரக்கை ஏற்றிவிட என் லாரியைத்தான் எதிர்பார்த்து நிற்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன்தான். ஆனால் எழுத்தைப் படிக்காவிட்டாலும் இரும்பைப் படித்தவன். பழைய தறி, பழைய மோட்டார், பழைய லாரி... எதை வாங்கினாலும் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வாரம் அவன் வந்துவிட்டான். அம்பாசடரில் வந்தான்.

என் சிநேகிதர் சாமுவேல் வாத்தியார், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். அவருக்கு ஒரே மகள், மேரி. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலில் இரும்புப் பட்டை மாட்டி, கையில் கட்டை ஊன்றி நடக்கிற பெண். டீச்சர் டிரெயினிங் முடித்து, பனவடலிசத்திரம் பள்ளிக்கூடத்தில் வேலையும் வாங்கிவிட்டாள்.

வேலை கிடைத்தது பெரிய காரியம். அங்கே போய்ச் சேருவது அதைவிடப் பெரிய காரியம். காலை நேரத்தில் நம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியிருக்கிறீர்களா? இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற இடம் அது. மேரி சில நாள் முயன்று பார்த்தாள். ஒரு நாள் படியிலிருந்து விழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

வேலையை விடுவதா, பழைய கார் ஒன்று வாங்குவதா? கார்தான் என்றார் வாத்தியார். ரிட்டயர்மென்ட்டில் கைக்கு வந்ததெல்லாம் அதற்குத்தான். “அண்ணாச்சி, காருக்கு நாலு சக்கரம் இருக்குன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும். நீங்கதான் பாத்து வாங்கித் தரணும்” என்றார். பின்னே, என்னை விட்டால் யார்?

புரோக்கர் வெளியூர்க்காரன். குருசாமி என்று பெயர் சொன்னான் — அதுவாவது நிஜமா என்று இப்போது சந்தேகம். வெள்ளை அம்பாசடர், முகம் பார்க்கலாம் போல பெயின்ட். நேரே வாத்தியார் வீட்டுக்கு வரவில்லை. கோவில் வாசலில் நிறுத்தி, பூஜை போட்டு, மாலை சாத்தி, அம்மன் சந்நிதிப் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசி, அதன் மேல் குங்குமம் வைத்துக் கொண்டுவந்தான். பானெட்டில் ஒரு பொட்டு. டிக்கியில் ஒரு பொட்டு. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கிறதே தூண், அதில் மட்டும் இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக.

“வண்டிய ஒங்க கையில குடுக்குததுக்கு முன்னாடி ஆத்தாகிட்ட காட்டிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. அப்பத்தான் எனக்கு மனசு திருப்தி” என்றான்.

நம் ஊர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? உடம்பில் சொறி வந்தாலும் அந்த மண். விஷக்கடி பட்டாலும் அந்த மண். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாத்தியார் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு தூணைத் துடைக்கப் போனார். அவர்கள் வேதக்காரர்கள், போதகர் வந்து ஜெபம் செய்த பிறகுதான் வண்டி எடுப்பார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வாத்தியாரே, இன்னைக்கு ஒரு நா இருக்கட்டும். அது அம்மன் மண்ணு.”

என் மேல் உள்ள மரியாதைக்கு அவரும் விட்டுவிட்டார்.

மற்றதையெல்லாம் பார்த்தேன். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. தூரத்திலிருந்து ஓடிவந்த வண்டி சூடாகத்தானே இருக்கும்? கியர் பாக்ஸில் சத்தமே இல்லை. மீட்டரும் கம்மியாகத்தான் காட்டியது. ராஜபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். ஸ்டீயரிங் இடது பக்கமாக இழுத்தது. “டயர்ல காத்து கம்மி அண்ணாச்சி” என்றான். டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தேன். சரி...

“என்ன சொல்லுதீங்க?” என்றார் வாத்தியார்.

“முடிச்சிருவோம்.”

அட்வான்ஸ் கவர் அவர் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அப்போது நான் ஒன்று சொன்னேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். “பொறுங்க வாத்தியாரே. தெனமும் போறவ ஒருக்கா ஏறி ஒக்காந்து பாக்கட்டும். அப்புறம் குடுப்போம்.” தறி வாங்கினாலும் நான் பார்த்தால் போதாது, ஓட்டப்போகிறவன் அதன் முன்னால் நின்று பார்க்கவேண்டும் — அது என் வழக்கம்.

புரோக்கருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. “நல்ல நேரம் போயிரும் அண்ணாச்சி. அட்வான்ஸக் குடுத்துட்டு ஏறிக்கிடலாமே.”

“ஒரு நிமிசத்துல ஒம்ம நல்ல நேரம் எங்க வே போகுது? ஏட்டி மேரி, வா மக்கா. ஏறு.”

இரும்புப் பட்டை போட்ட காலை மடக்க முடியாது. ஆகவே நம்மைப் போல் குனிந்து உள்ளே நுழைய அவளால் ஆகாது. கட்டையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, நடுத்தூணை இறுக்கிப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டு, ஒரு சுழற்று சுழன்று சீட்டில் உட்காருவாள். பிடித்தாள். சுழன்றாள். உட்கார்ந்தாள். கையை விரித்துப் பார்த்தாள்.

உள்ளங்கையில் புற்றுமண். குங்குமம். அதோடு, உடைந்த முறுக்கு மாதிரி ஒரு துண்டு பட்டி — ஒடுக்கு விழுந்த இடத்தில் பூசி, அதன் மேல் பெயின்ட் அடித்து மறைப்பார்களே, அந்தப் பட்டி.

“மாமா, காரு என் கையோட வந்துட்டு” என்றாள்.

தூணைப் பார்த்தேன். பட்டி பெயர்ந்த இடத்தில் குறுக்கே கம்பளிப்பூச்சி படுத்திருப்பது போல் ஒரு வெல்டிங் தழும்பு. அந்தப் பக்கம் ஓடினேன். மண்ணைச் சுரண்டினேன், ஆத்தா மன்னிக்கவேண்டும். அங்கேயும் அதே உயரத்தில் அதே கம்பளிப்பூச்சி.

“என்ன வே இது?”

“பஸ்ஸுக்காரன் லேசா ஒரசிட்டான் அண்ணாச்சி. டிங்கரிங் பாத்திருக்கு. பட்டி இல்லாத அம்பாசடர் எங்கன இருக்கு, சொல்லுங்க?”

“ரெண்டு பக்கமும் ஒரே உசரத்துல ஒரசுனானோ? நூலு பிடிச்சு அளந்து ஒரசுனானோ?”

நூல் என்று வாயில் வந்ததும்தான் எனக்கே உறைத்தது. தறி பூட்டும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நீளமா என்று நூல் பிடித்துத்தான் பார்ப்போம். தறி கோணினால் துணி கோணும். எதிர்த் தறிக்கூடத்தில் ஒரு நூல்கண்டு வாங்கிவந்தேன். சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு, இடது பக்கம் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை இழுத்துப் பிடித்து அறுத்தேன். அதே நூலை வலது பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தால்... எட்டவில்லை. மூன்று விரல் எட்டவில்லை.

கணக்கு வாத்தியாருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கவரைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

பின் சீட்டுக்கு முன்னால் கிடந்த மிதியடியைத் தூக்கினேன். கீழே தார் பூசியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெல்டிங். ஒரு காரின் முன் பாதி. வேறொரு காரின் பின் பாதி. எங்கேயோ பின்னால் நொறுங்கியது ஒன்று, எங்கேயோ முன்னால் நொறுங்கியது ஒன்று... இரண்டையும் வெட்டி, ஒட்டி, வெள்ளை அடித்து, மாலை போட்டு, நடக்க முடியாத ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்.

“ஏலே, இது ரெண்டு காருல்லா?”

அவன் சொன்ன பதில் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. “ரெண்டுமே நல்ல காருதான் அண்ணாச்சி. முன்பக்கம் ஒரு டாக்டர் வச்சிருந்தது.”

கேட்டீர்களா? கொஞ்சமாவது கூச்சம் இருந்ததா?

மேரி மட்டும் காருக்குள் உட்கார்ந்தபடியே சொன்னாள்: “அப்போ நடுவழியில பள்ளத்துல விழுந்தா, டிரைவர் பனவடலிக்குப் போயிருப்பாரு. நான் ரோட்டுல ஒக்காந்து அட்டெண்டன்ஸ் எடுத்திருப்பேன்.” தெருவே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. மகளைத் தூக்காத குறையாக இறக்கி வீட்டுக்குள் கூட்டிப்போனார். வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை.

சாவியை நான் பிடுங்கிக்கொண்டேன். புரோக்கர் அந்தக் கூட்டத்திலேயே நழுவிவிட்டான். கார் இப்போது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. ஆர்.சி. புக்கில் உள்ள நம்பர் முன் பாதிக்கு உரியதாம். பின் பாதி யாருடையது? அதில் உட்கார்ந்து வந்தவர்கள் என்ன ஆனார்கள்? யாருக்கும் தெரியவில்லை.

என் லாரி மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. கியர் பாக்ஸ் கத்தினால் மரத்தூளைப் போட்டு அமுக்குவார்களாம். புகை தெரியாமலிருக்க இன்ஜினில் கெட்டி ஆயிலாம். மீட்டரைப் பின்னால் சுற்றுவதெல்லாம் பால்குடிப் பிள்ளை வேலையாம். ரிப்பேருக்கு விட்டால் புதுசு மாற்றியதாகச் சொல்லி, பழசையே மண்ணெண்ணெயில் கழுவி மாட்டுவதும் உண்டாம்.

“நீயும் செய்வியோ?” என்று கேட்டேன்.

“நம்ம லாரிக்குச் செய்ய மாட்டேன் மொதலாளி” என்றான். அன்றிலிருந்து என் லாரியையும் ஒரு தினுசாகத்தான் பார்க்கிறேன்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களே, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்து மறுநாள் போங்கள். பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கட்டும் — கனமாகப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. மிதியடியைத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் நூல் பிடியுங்கள். ரிப்பேருக்கு விட்டால் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். விற்கிறவனே பூஜை போட்டுக் கொண்டுவந்தால், சாமியைக் கும்பிட்டுவிட்டு ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துப் பாருங்கள். ஆத்தா கோபிக்கமாட்டாள். தன் மண்ணை வைத்து மோசடி செய்கிறவனிடம்தான் அவளுக்குக் கணக்கு இருக்கிறது.

நல்ல வண்டி ஒன்று அமைகிறவரை மேரி என் வீட்டுக் காரில்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறாள். முழுக் கார். நூல் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சில் நன்றி ஜெபம். என்னையும் அழைத்திருந்தார்கள், போனேன். போதகர் கர்த்தருக்கு நன்றி சொன்னார். ஆபத்தைக் கண்டுபிடித்த மேரியின் கையை ஆசீர்வதிக்கும்படி ஜெபித்தார். அடுத்தது நம் பேர்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்... எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து மேரியைப் பிடித்தேன். “ஏட்டி, ஏறி ஒக்காந்து பாக்கட்டும்னு சொன்னது யாரு? நூலு பிடிச்சது யாரு?”

“நீங்கதான் மாமா. தொடைக்கப் போன அப்பா கையைப் பிடிச்சதும் நீங்கதான்.”

சரி, அது இருக்கட்டும். கர்த்தருக்கு முதலிடம், மேரியின் கைக்கு இரண்டாமிடம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை — ஆனால் மூன்றாமிடம் என்னுடையது, அதை ஊர் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.