உப்பின் மேல் போட்ட பழி

மரக்காணத்தில் எந்த வண்டி மக்கர் செய்தாலும் மெக்கானிக் மணிவண்ணன் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "உப்பு தின்னுடுச்சு." யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. உப்பளத்து லாரிகளின் அடித்தகடு அப்பளமாய் நொறுங்குவதைக் கண்ணால் பார்க்கிற ஊர் அல்லவா! முப்பது வருஷமாக அவருடைய பாதி வேலையை அந்த ஒரு சொல்லே செய்து கொடுத்தது.

லூர்துமேரியின் பழைய ஆட்டோமேட்டிக் கார் வந்தபோதும் அதே கதைதான். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போன இடது கால் அவளுக்கு. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால்தான் அந்தக் காரைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள். ஆரோவில் தையல் கூடத்துக்கு வேலைக்குப் போவது அதில்தான். இப்போது கியரை முன்னால் ஓட்டுகிற 'டி'யில் போட்டால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. மேடு வந்தால் இன்ஜின் கத்தியதே தவிர, வண்டி ஏறவில்லை.

மணிவண்ணன் லாரிக்குப் பார்க்கிற மாதிரியே இன்ஜினை நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினார். மேல்கோடு வரை ஆயில்.

"ஆயில் ஃபுல்லா இருக்குது. உள்ள உப்பு எறங்கிடுச்சும்மா, கியர்பாக்ஸ் அவ்ளோதான். வித்துடு."

"நீங்க சொன்னா சரிண்ணா" என்று போனவள், மூன்று வாரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள்.

பட்டறையில் நின்ற காரை வாங்க லூர்துமேரியோடு வந்தவர் கோட்டக்குப்பம் ஜாகிர் பாய். துபாய் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருஷம் ஆட்டோமேட்டிக் வண்டிகளோடு மல்லுக்கட்டியவர். இன்ஜினைச் சூடேற விட்டார். கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்திவைக்கிற 'பி'க்குக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவினார். நுனியில் மட்டும்தான் ஈரம்.

"ஓடும்போது பாக்கணும்ங்க. நிறுத்தினா ஆயிலெல்லாம் கீழ வடிஞ்சு ஃபுல்லுன்னு காட்டும்" என்றார் மணிவண்ணனின் காதோடு. பாயே கசிந்த ரப்பர் டியூபை மாற்றி ஆயில் ஊற்றியதும், வண்டி பட்டறை மேட்டைச் சட்டென்று ஏறியது.

"நல்ல வண்டிம்மா, நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு பாய் கிளம்பினார்.

"ரெண்டு பேருமா சேர்ந்து சரி பண்ணிட்டீங்களேண்ணா!" என்றாள் லூர்துமேரி, முகமெல்லாம் சிரிப்பாக.

சும்மா இருந்திருந்தால் மணிவண்ணன் நல்ல பேரோடு தப்பித்திருப்பார். அந்தச் சிரிப்புதான் அவரைக் கூனிக்குறுக வைத்தது.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. எப்படிப் பாக்கணும்னே எனக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு உப்புன்னு சொல்லிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டாள்:

"எங்கப்பா ஆட்டோவையும் உப்புதானே தின்னுடுச்சுன்னு சொன்னீங்க? அதக் காயலாங்கடைல போட்டுட்டு, சாகுற வரைக்கும் உப்பளத்துல கூலிக்குப் போனாரேண்ணா. அதயாவது கழட்டிப் பாத்தீங்களா?"

மணிவண்ணன் அந்த ஆட்டோவின் அடியில் குனிந்துகூடப் பார்த்ததில்லை.