மேல்மாடி ஒளித்துவைத்த டப்பா

மின்தூக்கி என்று எழுதினால் தமிழ் வளரும். லிஃப்ட் என்று எழுதினால்தான் ஆள் ஏறுவான். நம் கதாநாயகர் ஆள் ஏறுவதை நம்பிப் பிழைப்பவர். ஆகையால் இங்கே லிஃப்ட் என்றே வரும். தமிழ் பெரிய மனது பண்ணி மன்னிக்கட்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூடப் பிறந்தவர்களிலிருந்து கூட வேலை செய்பவர்கள் வரை எல்லோருக்கும் அவர் ‘மேல்மாடி’. தொழிலை வைத்து வந்த பெயரா, தலைக்குள் இருக்கும் சரக்கை வைத்து வந்த பெயரா என்று யாரும் விளக்கியதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்டு, பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

நகரத்தின் உயரமான கட்டடங்கள் அத்தனையின் உச்சிக்கும் அவர் போய் வந்திருக்கிறார். ஒன்றிலிருந்தும் ஒன்றையும் பார்த்ததில்லை. மொட்டைமாடியைக் கடந்துதான் மோட்டார் அறைக்குப் போக வேண்டும், உண்மைதான். ஆனால் கீழே யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டும்போது, மேலே நின்று காற்று வாங்க மனசு வருமா? ஓடிப்போய் அறைக்குள் நுழைந்தால் நான்கு சுவர், ஒரு மோட்டார், கிரீஸ் வாடை. ஜன்னல் வைக்க வேண்டும் என்று கட்டியவனுக்குத் தோன்றவில்லை. மோட்டார் எதைப் பார்க்கப் போகிறது என்று நினைத்திருப்பான்.

இப்படிப்பட்டவரை டப்பா விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாற்றுச்சாவி போடும் கடை வைத்திருக்கிறான். இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். உலகம் முழுக்க ஆடுகிறார்கள். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் இருக்கும் ஒரு வரைபடத்தில் குறித்து, கூடவே ஒரு வரி துப்பும் எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. வேலை மெனக்கெட்டு ஏன் இதைச் செய்கிறார்கள் என்று கேட்பவர்கள், தாங்கள் எதை எதை வேலை மெனக்கெட்டுச் செய்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

மச்சினன் வைத்த டப்பா தீப்பெட்டி அளவு. காந்தம் ஒட்டியது. பஸ் நிறுத்தத்து இரும்பு பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. வருகிறவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள், ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிவார்கள், கையை உள்ளே விடுவார்கள். சிலர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தும் நாடா கட்டினார்கள். ஆறு மாதத்தில் உள்ளே இருந்த தாள் நிறைந்து, மச்சினன் வேறு தாள் வைத்தான். பிறகு அதுவும் நிறைந்தது. அவன் நடையே மாறிப்போனது.

மேல்மாடிக்கு இது உறுத்தியது. பெஞ்சுக்கு அடியில் வைப்பதும் ஒரு வைப்பா? அவர் தன் டப்பாவுடன் ஊருக்கு வெளியே இருக்கும் மொட்டைப் பாறைமலைக்குப் போனார். மாட்டுக்கும் வழி தெரியாத மலை. பாதை பாதியிலேயே மனம் மாறி நின்றுவிடும். மிச்சத்துக்குக் கையையும் காலையும்தான் நம்ப வேண்டும். மூச்சு வாங்க உச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தவர், அப்படியே இருந்துவிட்டார்.

கீழே நகரம் முழுசாகக் கிடந்தது. ஒவ்வொரு கட்டடத்தின் தலையிலும் சின்னதாக ஒரு டப்பா. அவருடைய மோட்டார் அறைகள். உள்ளே இருந்து இருட்டாகவே பார்த்திருந்த அத்தனையும் வெளியே இருந்து வெள்ளை வெள்ளையாக வெயிலில் நின்றன. மருத்துவமனை மேல் ஒன்று, வங்கி மேல் ஒன்று, ஓயாமல் பிரேக் தேய்கிற அந்தப் பதினான்கு மாடிக்கட்டடத்தின் மேல் ஒன்று. இருபது வருஷம் தான் எங்கே இருந்தோம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதை இன்னும் ஒரே ஒரு ஆளாவது வந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்காகத்தான் டப்பாவை அங்கே வைத்தார். உள்ளே, வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பழைய லிஃப்ட் பட்டன்களும் போட்டார்.

யாரும் வரவில்லை.

முதல் மாதம் மழை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டாம் மாதம் வெயில். மூன்றாம் மாதம் மழையும் இல்லை, வெயிலும் இல்லை, ஆளும் இல்லை. அப்போதுதான் ஆராய்ச்சியில் இறங்கினார். எட்டாத இடத்து டப்பாவுக்கு ஏன் கூட்டம் வருவதில்லை? வேலைக்கு நடுவே, மோட்டார் அறைகளில், எண்ணெய்க் கையோடு யோசித்தார். மனிதகுலத்தின் சோம்பேறித்தனம் ஒரு காரணம் என்று கண்டார். செருப்பின் தரம் இன்னொரு காரணம். ஒரு மலை ஏறும் நேரத்தில் பத்து பெஞ்சு குனியலாம், கணக்கில் பத்து டப்பா ஏறும் என்பது மூன்றாவது. இவ்வளவும் கண்டுபிடித்து மனைவியிடம் வந்து சொன்னார்.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிவைத்து, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்வது அவள் வேலை. எதையும் ஒரு கண்ணை இடுக்கிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படியே அவரைப் பார்த்தாள்.

“முதல் மாடிக்கே லிஃப்ட்ல போற ஜனங்க. அவங்களாலதான் நமக்குச் சம்பளமே வருது. அவங்க உங்க மலைக்கு ஏறி வருவாங்கன்னு எப்படிங்க நினைச்சீங்க?”

இருபது வருஷம் லிஃப்டோடு கிடந்தவருக்கு இது தோன்றவில்லை என்றால், அந்தப் பட்டப்பெயர் தொழிலை வைத்து வந்ததல்ல என்று முடிவுகட்டலாம்.

பிறகு ஆள் வந்தது. வந்தது சரி, ஆனால் இணையத்தில் விழுந்த குறிப்பு “கிடைக்கவில்லை.” அடுத்து இன்னொன்று, “கிடைக்கவில்லை.” அடுத்த மாதம் மூன்றாவது. ஒரே வார்த்தையில் மூன்று பேரும் முடித்துக்கொண்டிருந்தார்கள். பாதை நிற்கும் இடத்தோடு திரும்பியிருப்பார்கள் என்று மேல்மாடி முடிவுகட்டினார். ஏழைக்கு ஏத்த எள்ளுருண்டை என்பார்கள். இங்கே உருண்டையும் இல்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. விளையாட்டுக்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவரிடமிருந்து ஒரு மரியாதையான செய்தி வந்தது. டப்பா அங்கே இல்லையோ என்று சந்தேகம் எழுந்திருக்கிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது நேரில் போய் உறுதி செய்யாவிட்டால் வரைபடத்திலிருந்து நீக்கிவிடுவாராம்.

மேல்மாடி உடனே கிளம்பினார். கட்டட வாசலைக்கூடத் தாண்டவில்லை. அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் இரண்டு வாரமாக ஓடவில்லை. ஊர் லிஃப்டையெல்லாம் பார்க்கும் அவருக்கு, அதைப் பார்க்க நேரம் வரவில்லை. படியில் இறங்கினார். கடைசிப் படி இருப்பதாக நினைத்த இடத்தில் அது இல்லை. கணுக்கால் பிசகிக்கொண்டது. படிக்கட்டு என்ற பழைய எதிரி இருபது வருஷப் பகையை ஒரே நொடியில் தீர்த்துக்கொண்டது.

காலை முக்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மச்சினன் வந்தான். துக்கம் விசாரிக்கிற முகம், உள்ளே வேறு கணக்கு. மலை அடிவாரத்தில் வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறதே, அங்கே ஒரு கம்பி வேலி இருக்கிறதே, காந்தம் தன்னிடமே இருக்கிறதே என்று படிப்படியாகச் சொன்னான்.

“ஜனங்க டப்பாவைத் தேடி வர்றதில்ல மாமா. போற வழியில டப்பா இருக்கான்னுதான் பாக்குறாங்க. கீழ இறக்கி வெச்சிடுவோம். ஒரே வாரத்துல தாள் நிறைஞ்சிடும்.”

“கீழேர்ந்து என்ன தெரியும் மாப்ள?”

“பார்க்கிங் தெரியும்.”

மேல்மாடி தன் வீங்கின காலைப் பார்த்தார். மச்சினன் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் அவரைக் குத்தியது. சரி, இறக்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். வேலியில் ஒட்டிய டப்பா வரைபடத்திலாவது இருக்கும். மலைமேல் இருப்பது ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வெறும் தகரம்.

அப்போது பக்கத்தில் அவருடைய போனை வைத்து டப்பாவின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, ஒரு கண்ணை இடுக்கினாள்.

“இந்த எட்டாம் பாறைன்னா எதுலேர்ந்துங்க எண்ணணும்?”

“எந்த எட்டாம் பாறை?”

“நீங்கதானே துப்பு எழுதியிருக்கீங்க. ‘எட்டாம் பாறைக்குப் பின்னால் பார்’னு.”

மேல்மாடி போனைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் எழுத நினைத்தது ‘எட்டாப் பாறை’. கை எட்டாத பாறை. ஒருபுறம் சாய்ந்து, உச்சியைத் தொடவே முடியாமல் நிற்கும் ஒன்று. அதன் பின்னால்தான் டப்பா. பாறைகளுக்கு நடுவே போனின் அம்பு வழிதவறிய ஆடுபோல் சுற்றும். துப்பு ஒன்றுதான் கதி. ஆனால் அவசரத்தில் ஒற்றை விட்டுவிட்டு ‘எட்டா’ என்று அடித்திருக்கிறார். ஒற்று மிகுமா மிகாதா என்று பள்ளிக்கூடத்திலேயே அவருக்குத் தகராறு. போன் பார்த்தது. இவருக்குத் தெரியாது, நாமே போட்டுவிடுவோம் என்று ‘ம்’ ஒன்றைச் சேர்த்துவிட்டது. எட்டாதது என்பது எட்டாவது என்று ஆனது.

உண்மையில் அந்தப் பாறை, பாதை முடியும் இடத்திலிருந்து ஐந்தாவதோ ஆறாவதோ.

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். கடையில் தினமும் ஒரு எழுத்தை இன்னொன்றாகப் படிப்பவர்களைப் பார்க்கிறாளாம். அவர்களுக்குக் கண்ணாடி கொடுத்து அனுப்பிவிடலாம், எழுதும்போதே பிசகுகிறவருக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லையாம். சிரித்து முடித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அப்போ அந்த மூணு பேரும் மேல வரைக்கும் ஏறியிருக்காங்க. உட்கார்ந்து ஒண்ணொண்ணா பாறையை எண்ணியிருக்காங்க.”

யாருமே ஏறவில்லை என்று நினைத்த மலையில் மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள். இவர்தான் அவர்களைத் தப்பான பாறைக்கு அனுப்பிவைத்திருக்கிறார். வெட்கப்பட வேண்டிய இந்தச் செய்தியைக் கேட்டு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த வீட்டில் அதுவே முதல்முறை. வேலியில் ஒட்டும் பேச்சு அதோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் மலை ஏறினார்கள். தம்பி போகும் வழியெல்லாம் முனகியதாகக் கேள்வி. மேல்மாடி முக்காலியில் காலை நீட்டி, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கூட ஏறினார். மனைவியின் மூச்சு வாங்குவது கேட்டது. சரளைக்கல் உருள்வது கேட்டது. மச்சினன் ஏதோ ஒரு முள்ளைத் திட்டுவது கேட்டது. திடீரென்று மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

“ஏங்க, இங்க ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. எட்டாவது பாறையில.”

அந்த அம்மா பஸ் ஓட்டுநர். மச்சினன் கடைக்கு எதிரே நிற்கும் அதே பஸ்ஸை ஓட்டுகிறவர். மூன்று ‘கிடைக்கவில்லை’களில் நடுவிலிருந்தது அவருடையது. இன்றைக்கு இரண்டாவது தடவையாக வந்திருக்கிறார். தன் பெஞ்சு டப்பாவை அவர் எடுத்திருப்பாரே என்று மச்சினன் ஆவலோடு விசாரித்தான்.

“அதா? இன்னும் எடுக்கலப்பா. தெனம் அங்கதான் வண்டிய நிறுத்தறேன். அது எங்க போயிடப் போவுது?”

இந்த ஒரு வரியைக் கேட்டு மேல்மாடி முக்காலியோடு சேர்ந்து ஆடிப்போனார். ஆராய்ச்சியில் இதை அவரும் கண்டுபிடிக்கவில்லை, மச்சினனும் கண்டுபிடிக்கவில்லை.

கிடைக்காத இடத்துக்கு ஏன் திரும்ப வந்தீர்கள் என்று மனைவி கேட்டாள். கிடைத்திருந்தால் ஏன் வரப்போகிறேன் என்றார் அந்த அம்மா. போன தடவை சலித்துப்போய் இந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். எப்போதும் பஸ் கண்ணாடி வழியாகக் கட்டடங்களின் கீழ்வாசலை மட்டுமே பார்த்த கண்ணுக்கு, அத்தனை கட்டடத்தின் தலையிலும் ஒரே மாதிரி வெள்ளையாக என்னவோ தெரிந்ததாம். அது என்னவென்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்றே இருந்தாராம்.

மனைவி போனை அந்த அம்மாவின் காதில் வைத்தாள்.

மேல்மாடி சொன்னார். மருத்துவமனையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக, எந்த மோட்டார் எந்தக் குரலில் முனகும், எதற்கு மழைக்காலத்தில் சளி பிடிக்கும் என்பது வரை சொன்னார். அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. கடைசியில், துப்பில் இருந்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, டப்பா எந்தப் பாறைக்குப் பின்னால் என்று அவர் வாயெடுத்ததும்தான் தடுத்தார்.

“சொல்லாதீங்கண்ணே. ‘எட்டாது’ன்னு சொல்லிட்டீங்கல்ல, போதும். நானே பாத்துக்கறேன்.”

பிறகு போனில் காற்று மட்டும் கேட்டது. மச்சினன் “அந்தப் பக்கம் இல்லீங்க” என்று ஆரம்பிக்க, அக்கா அவன் காலை மிதித்திருக்க வேண்டும். வாக்கியம் பாதியில் அறுந்தது. அதற்கப்புறம் வெகுநேரம் கழித்து, தகர மூடி திறக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை மேல்மாடி எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடித்திருப்பார்.

தாளில் முதல் கையெழுத்து விழுந்தது. பட்டன்களில் ‘கதவு திற’ என்று போட்டதை அந்த அம்மா எடுத்துக்கொண்டார். தன் பஸ்ஸின் பின்கதவு என்ன சொன்னாலும் திறப்பதில்லை, இதை ஒட்டிப் பார்க்கிறேன் என்றார். மேற்பார்வையாளர் அன்று சாயங்காலமே பதில் போட்டார்: மகிழ்ச்சி, டப்பா வரைபடத்திலேயே இருக்கும்.

அதற்குப் பிறகு மலைமேல் கூட்டம் அலைமோதியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒருவர் வருகிறார். ஆனால் வருகிறவர் உடனே இறங்குவதில்லை. பெஞ்சுக்கு அடியில் இன்னமும் தினமும் குனிகிறார்கள். மச்சினன் நான்காவது தாள் வைத்திருக்கிறான். அடுத்த ஞாயிறு தானே மலைக்கு வருவதாக, யாரும் கூப்பிடாமலே சொல்லியிருக்கிறான்.

கால் சரியானதும் மேல்மாடி முதல் வேலையாகத் தன் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்தார். இரண்டாவது வேலையாகத் துப்பைத் திருத்த உட்கார்ந்தார். ‘ம்’-ஐ எடுத்தார், ‘ப்’-ஐ வைத்தார், போன் மறுபடி மூக்கை நுழைக்கிறதா என்று மனைவியை ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார். சரி என்றாள். அனுப்பப் போனவர் நின்று, யோசித்து, கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்:

“எட்டாப் பாறைக்குப் பின்னால் பார். அதற்கு முன் எட்டாம் பாறையில் கொஞ்சம் உட்கார்.”