கடலுக்கு ஆயத்தமாகும் ஏரி மீன்கள்

சோதி அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் மார்க்கம் நகரில் ஒரு மரக்கறிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தது அவருடைய மகள் துளசி. “அன்ரி, அம்மா காலமை எழும்பேல்லை” என்றாள். “அப்பாவோடை இப்ப ஆர் நிக்கிறது?” என்றுதான் நான் முதலில் கேட்டேன். அந்த வீட்டைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அக்கா இறந்த காலையிலும் அதுவே என் வாயில் வந்தது.

டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் நோயாளிக் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியாக மட்டுமே உங்களில் பலர் அவரை அறிவீர்கள். நான் அறிந்த சோதி அக்கா மீன் விஞ்ஞானி. மரம்கூட முளைக்காத வடக்கு நிலத்து ஏரிகளில் கோடைதோறும் ஆராய்ச்சி செய்தவர். நான் அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன்; வலை இழுக்கவும் கூடப் போவேன். அவர் ஆராய்ந்தது சால்மனுக்கு உறவான ஒரு மீனை. கோடையில் கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, குளிருக்கு ஏரிக்குத் திரும்புவது அதன் வழக்கம். ஆனால் அக்கா தேர்ந்தெடுத்த ஏரிக்குக் கடலுக்குப் போகும் வழி இல்லை. எந்தக் காலத்திலோ நிலம் உயர்ந்து ஆறு அற்றுப்போய்விட்டது. உள்ளே அகப்பட்ட மீன்கள் அங்கேயே பெருகி அங்கேயே சாகின்றன.

ஒருமுறை அந்த ஏரிக்கரைக் குடிலில் நாங்களும் அகப்பட்டோம். மூடுபனியில் எங்களை ஏற்றவேண்டிய சிறிய விமானம் இறங்க முடியவில்லை. கொண்டுபோன சாப்பாடு முடிந்து, ஆய்வுக்கென்று ஐஸில் வைத்திருந்த மீன்களும் கொஞ்சம் தேங்காய்ப்பால் மாவும் மட்டும் மிஞ்சின. மீனின் வயது அதன் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில் வளையம் வளையமாகப் பதிந்திருக்கும். வேறு யாராவது என்றால் தலையை வெட்டிப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருவர் மீன்தலையைச் சட்டிக்கு வெளியே விடுவோமா? அந்த மாவைக் கரைத்துத் தலையோடு சொதி வைத்தாயிற்று. தட்டில் போட்ட பிறகுதான் அக்காவுக்குக் கல் ஞாபகம் வந்தது. “கலா, விழுங்கிப் போடாதையும்! சூப்பிப்போட்டுக் கல்லை இஞ்சை வையும்” என்று ஒரு போத்தல் மூடியை நீட்டினார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான். கதவைத் திறந்தால் வெள்ளையாக ஒன்றுமே தெரியாது. மூச்சு முட்டி நான் அழுதேன். அக்காவோ காலையில் எழுந்ததும் படுக்கையைச் சுருட்டிப் பையில் கட்டி வாசலில் வைத்துவிடுவார். இரவு அவிழ்ப்பார், விடிய மறுபடி கட்டுவார். “வழி திறக்கேக்கை நாங்கள் ஆயத்தமா நிக்கவேணும்” என்பார்.

அந்த மீன்களிடம் அவர் கண்டதும் அதைத்தான். ஒவ்வொரு வருடமும் ஐஸ் உருகும் காலத்தில் அவற்றின் உடல் உப்புத் தண்ணீரைத் தாங்க ஆயத்தமாகும். தோல் வெள்ளி நிறமாகும், பூ மாறும். மூச்சு விடும் செவுளை நாங்கள் பூ என்றுதான் சொல்வோம். அவற்றின் பாட்டன் பூட்டன்கூடக் கடலைக் கண்டதில்லை. போக வழியில்லாமல், கொஞ்சக் காலத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒரு கூட்டத்தில் இன்னொரு விஞ்ஞானி எழுந்து, இந்த மீன்கள் ஏரிக்குப் பழகிவிட்டன, இதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை என்றார். அக்கா மேடையில் மரியாதையாக ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு, வந்து பக்கத்தில் இருந்ததும் என் காதுக்குள் சொன்னார்: “அதுகள் பழகீட்டுதுகளாம். அதுகளைக் கேட்டவரோ?”

பிறகு கணவர் மகேசன் அண்ணை பாரிசவாதத்தில் விழுந்தார். ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. அக்கா ஊட்டினால் மட்டும் சாப்பிடுவார். வேறு கை வந்தால் வாயை இறுக்கிக்கொள்வார். அக்கா வேலையை விட்டார். பன்னிரண்டாம் மாடி யன்னலில் எதிர்க் கட்டடம் மட்டும்தான் தெரியும். ஆனாலும் வருடாவருடம் ஜூன் பிறந்ததும் பழைய பையில் ரப்பர் பூட்சையும் கம்பளிக் காலுறையையும் வைத்து வாசலில் கொண்டுவந்து வைப்பார். கோடை முடிய அது அலமாரிக்குள் போய்விடும்.

ஒரு வருடம் துளசி லீவு போட்டு வந்து, “நான் பாக்கிறன், நீங்கள் போங்கோ” என்று தாயை ஏரிக்கு அனுப்பிவைத்தாள். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக நான் வந்திருந்தேன். அக்கா பையோடு கீழே இறங்கி, வாசற் கண்ணாடிக் கதவுவரை வந்துவிட்டார். அப்போது போன் வந்தது. துளசி ஊட்டப் போக, அண்ணை வாய் திறக்கவில்லை. “பசிச்சால் சாப்பிடுவார், நீங்கள் போங்கோ அம்மா” என்று துளசி சொன்னது எனக்கே கேட்டது. அக்கா அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டார். “கால் வருகுதில்லை, கலா.” ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, உங்களுடைய தியாகம் பெரிது என்றேன். சீறி விழுந்தார். “தியாகம் எண்டு சொல்லாதையும். விரும்பிக் குடுத்தாத்தான் அது தியாகம். எனக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.” கொஞ்சம் பொறுத்து, “அவரிலை கோபம் வந்தாலாவது லேசா இருக்கும். கோபமும் வருகுதில்லை” என்றார். லிஃப்ட் வந்தது, பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

இறுதிச் சடங்கில் பேசியவர்கள் எல்லோரும் அவரைத் தெய்வமாக்கினார்கள். “அந்த வாழ்க்கைக்கு அவ சந்தோசமாப் பழகீட்டா” என்றார் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் புகழ்ந்த பெண்ணை நான் சந்தித்ததே இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்குப் போனபோது பை வாசலில் இருந்தது; ஜூன் மாதம். உள்ளே மகேசன் அண்ணை துளசியின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்தபடி நிற்பதைக் கண்டு துளசி தலையைக் குனிந்துகொண்டாள். “அம்மா போனபிறகு ஒரு நாள்தான் அன்ரி சாப்பிடாமல் இருந்தவர். அடுத்தநாள் வாயைத் திறந்திட்டார்.”

ஒரு நாள். அக்காவை மறித்து நின்ற கதவு அவ்வளவுதான். அண்ணையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மனம் ஆறவுமில்லை.

பையை நான் கேட்டு வாங்கிவந்தேன். என் வாசலில் கட்டியபடியே இருக்கிறது. அதோடு அவருடைய ஒரு கேள்வியையும் வைத்திருக்கிறேன். சோதி பழகீட்டா என்று இனி என் முன்னால் யார் சொன்னாலும் கேட்பேன்: “அவவைக் கேட்டனீங்களோ?”